எண்ணூறு கஜம்

என் நாவல் ஒன்றில் ஒரு துரை வருகிறான். தேயிலைத் தோட்டத்துத் துரை. கதை நடக்கும் வருஷம் 1912. ஒரு நாள் அதிகாலையில் அவன் மலை விளிம்பில் நின்று, எதிர்ப்பாறையில் மேய்ந்துகொண்டிருந்த வரையாடு ஒன்றை எண்ணூறு கஜ தூரத்திலிருந்து ஒரே வெடியில் வீழ்த்துகிறான். அவன் கையில் இருந்தது அப்போதுதான் சீமையிலிருந்து வந்து இறங்கிய 450 ரைபிள் என்று எழுதியிருந்தேன். ஏன் 450 என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எண் கம்பீரமாக இருந்தது, போட்டேன். கதாநாயகிக்குப் பட்டுப் புடவை கட்டிவிடும்போது அது ஆரணியா, காஞ்சீபுரமா என்று விசாரித்து எழுதுகிற நான், துப்பாக்கி விஷயத்தில் அவ்வளவு கவலைப்படவில்லை.

புத்தகம் வெளிவந்து சில மாதங்களுக்கெல்லாம் ராஜபாளையத்திலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. மூன்றே வாக்கியங்கள். "1912-ஆம் வருஷம் புதிய 450 ரைபிளை நம் துறைமுகங்களில் இறக்க விட்டிருக்க மாட்டார்கள். அப்படியே இறங்கியிருந்தாலும் அதைக் கொண்டு எண்ணூறு கஜத்தில் வரையாட்டைச் சுட முடியாது. முடிந்திருந்தாலும் சுட்டிருக்கக் கூடாது."

முதல் இரண்டு வாக்கியங்களும் என் அறியாமையைச் சொல்பவை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மூன்றாவது வாக்கியந்தான் உறுத்தியது. வேட்டையாடிப் பழகிய ஒருவர் எழுதிய கார்டு என்பது முதல் இரண்டிலிருந்தே தெரிந்தது. அப்படிப்பட்டவர் 'கூடாது' என்று ஏன் எழுத வேண்டும்? பதில் எழுதினேன். "புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு வருகிறேன். நீங்களும் வந்தால் பேசலாம்" என்று மறு கார்டு வந்தது.

ரயிலில் எந்தப் பக்கம் ஏறுவது என்று ஒரு நிமிஷம் திகைத்தேன். அருணாசலேசுவரர் இருக்கிற திருவண்ணாமலை வேறு. இது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, சிறு குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற திருவண்ணாமலை. இந்தப் பக்கத்து ஜனங்கள் தென் திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படி தெரியாமல் கூட்டம் ஏறும். அந்தக் கூட்டத்தில்தான் அவரைக் கண்டுபிடித்தேன். எண்பதைத் தாண்டிய வயது. ஆனால் படியேறும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கியது. தரிசனம் முடிந்து மேற்குப் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்ததும், கீழே வயல் வரப்பில் நின்ற ஒரு பனையைக் காட்டினார்.

"தம்பி, அந்தப் பனை தெரியுதா? ஏறக்குறைய எண்ணூறு கஜம் இருக்கும். அதுக்கடியில ஒருத்தர் நிக்கிறார், பாருங்க."

பார்த்தேன். ஒருவர் நின்றார் என்று அவர் சொன்ன பிறகே தெரிந்தது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அது சிவகாசிச் சரக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஒரு குச்சியை எடுத்துப் படுக்கைவாட்டில் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். நிற்கிற மனிதர் முழு உயரமும் அந்தக் குச்சியின் கனத்துக்குள் மறைந்துபோனார். நன்றாக வளர்ந்த வரையாட்டுக் கிடா தோள் உயரத்தில் மூன்றேகால் அடி இருக்கும். அதாவது குச்சிக் கனத்தில் பாதி. அதிலும் உயிர் நிற்கிற இடம், நெஞ்சுக்கூடு, ஒரு சாண்தான்.

"உங்க துரை அதைக் குறி பார்த்தான்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

துப்பாக்கிக் குழலின் விட்டம் என்பது வேட்டைக்காரர்களிடையே ஓயாத தர்க்கம். எந்த மிருகத்துக்கு எந்த எண், எவ்வளவு தூரத்துக்கு எந்த எண் என்று இன்றைக்கும் அமெரிக்காவில் பத்திரிகை நடத்திப் பேசுகிறார்கள். அந்தத் தர்க்கத்தின் சரித்திரம் நம்முடைய மலைகளையும் துறைமுகங்களையும் தொட்டுக்கொண்டு போகிறது என்பதைப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு புத்தகங்களையும் புரட்டினேன்.

பழைய கணக்கு ராத்தல் கணக்கு. ஒரு ராத்தல் ஈயத்தில் குழலுக்குப் பொருந்துகிற உருண்டை எத்தனை வார்க்கலாமோ, அத்தனை 'போர்'. பன்னிரண்டு உருண்டை என்றால் 12 போர். நாலே உருண்டை என்றால் 4 போர். எண் குறையக் குறையக் குழல் பெரிது. பிற்காலத்துக் கணக்கு அங்குலக் கணக்கு. 450 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 450 பங்கு விட்டம். ஏறக்குறைய அரை அங்குலம். 275 என்றால் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம்.

அந்தக் காலத்தில் குழல் ஏன் அத்தனை பெரிதாக இருந்தது? எல்லாம் கருமருந்து செய்த வேலை. வெடியுப்பு, கந்தகம், கரி. விருதுநகர் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருமருந்து குண்டை ஓர் அளவுக்கு மேல் வேகமாகத் தள்ளாது. வேகம் கூடாதபோது வலுவைக் கூட்ட ஒரே வழி, குண்டின் எடையைக் கூட்டுவது. ஆகவே 1840-களில் இலங்கையின் நுவரெலியா காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், நாலு அவுன்ஸ் குண்டு போடும் ரைபிளை வைத்திருந்தார். நாலு அவுன்ஸ் என்பது நம் தங்கக் கணக்கில் பதினாலு பவுன்! துப்பாக்கியின் எடை இருபத்தொரு ராத்தல். அதைச் சுடுகிறவர் தோள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாலே வலிக்கிறது. அதே பேக்கர் மிளா வேட்டைக்குப் போகும்போது நாய்களையும் கத்தியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போவார். ராஜபாளையத்து நாயை வளர்த்தவர்களுக்கு அந்த வேட்டை புரியும். நாயோடு ஓடுகிறவனுக்குத் தூரம் என்ற கேள்வியே எழுவதில்லை.

1884-இல் பால் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டு வருஷத்தில் பிரெஞ்சு ராணுவம் அதற்கேற்ற லெபெல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. குழல் விட்டம் எட்டு மில்லிமீட்டர்தான். உலகத்து ராணுவங்களெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு சிறு குழலுக்கு மாறின. ஜெர்மனியில் மௌசர் கம்பெனி 1892-இல் ஏழு மில்லிமீட்டர் தோட்டா ஒன்றைச் செய்தது. அதன் பெருமையை இங்கிலீஷ்காரர்கள் வேண்டாத இடத்தில் தெரிந்துகொண்டார்கள். 1899-இல் தொடங்கிய போயர் யுத்தத்தில், தென்னாப்பிரிக்க விவசாயிகள் பாறை மறைவில் படுத்துக்கொண்டு இந்த ஏழு மில்லிமீட்டரால் வெகுதூரத்திலிருந்து சிவப்புத் தோல்களை உருட்டினார்கள். ஸ்பியான் காப் மலையில் அப்படிக் காயம்பட்டவர்களை டோலியில் சுமந்து இறக்கியவர்களில் காந்திஜியும், ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போயிருந்த நம்மவர்களும் இருந்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் லண்டன் ரிக்பி கம்பெனி அதே தோட்டாவுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து, எதிரியின் பெயரை எடுத்துவிட்டு '275 ரிக்பி' என்று பெயர் சூட்டி விற்றது. மலை வேட்டைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று பேர் வாங்கியது. வியாபாரிகளுக்கு ரோஷம் கிடையாது.

இதுவரை நடந்ததெல்லாம் மருந்தும் இரும்பும் தீர்மானித்த விஷயம். கார்டின் முதல் வாக்கியத்துக்கு இப்போது வருகிறேன். நம் தேசத்தில் குழல் விட்டத்தைத் தீர்மானித்தது சர்க்காரின் பயம்.

அந்தப் பயத்துக்கு இந்தச் சீமையிலேயே பூர்வ கதை உண்டு. குன்றிலிருந்து தெற்கே கையை நீட்டினால் சேத்தூர், சிவகிரி, பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் என்று வரிசையாகப் பாளையங்கள். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனி உத்தரவிட்டது. 1801-இல் எல்லாம் முடிந்த பிறகு, டிசம்பர் மாதப் பிரகடனத்தில் மறுபடியும் அதே உத்தரவு. பிறகு 1857. அதன் பிறகு 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம்: இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம்.

பிரிட்டிஷ் சிப்பாய் 1871 முதல் தூக்கியது மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி. குழல் விட்டம் 450. ராணுவம் 303-க்கு மாறியபோது பழைய மார்ட்டினிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டாணியர் கைகளுக்கும் போயின. அந்தச் சமயத்தில்தான், 1898-இல், ரிக்பி கம்பெனி புகையில்லா மருந்தில் 450 வேட்டைத் தோட்டாவைக் கொண்டுவந்தது. யானைக்கும் காட்டெருமைக்கும் அதுவே உயர்ந்தது என்று எல்லோரும் வாங்கினார்கள். சர்க்காருக்குத் தூக்கம் போயிற்று. வேட்டைத் தோட்டா மார்ட்டினிக் குழலுக்குள் அப்படியே போகாது, வாஸ்தவம். ஆனால் குண்டைப் பிடுங்கி மார்ட்டினித் தோட்டாவில் வைத்துக் கெட்டித்தால்? 1907 வாக்கில் இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் 450 வரக் கூடாது என்று தடை வந்தது.

லண்டன் துப்பாக்கிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 465 செய்தார்கள். 470, 475, 476 செய்தார்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து இருபது பங்கு கூட்டினால் சட்டம் திருப்தி அடைந்துவிட்டது. எல்லாம் ஏறக்குறைய ஒரே எடைக் குண்டு, ஒரே வேகம். சுடப்பட்ட யானைக்கு வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. பின்னால் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பிரக்யாதி பெற்ற 470 ரைபிளின் யோகம், ஒரு துறைமுக அதிகாரியின் பட்டியலில் அதன் எண் இல்லாமல் போனதுதான்.

303-க்கும் இதே கதி. பட்டாளத்துத் தோட்டா பொதுஜனங்கள் கையில் இருக்கக் கூடாது. அதனால் ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய எட்டு மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை எடுத்து, 315 என்று பேர் வைத்து, இந்தியாவுக்கென்று ரைபிள் செய்தார்கள். ஆஸ்திரியச் சக்கரவர்த்தி போனார், அவருடைய ராணுவமும் போயிற்று, வெள்ளைக்காரனும் போனான். தோட்டா மட்டும் போகவில்லை. சுதந்திர இந்தியா 1959-இல் புது ஆயுதச் சட்டம் செய்தபோதும் பட்டாளத்துத் தோட்டாக்கள் விலக்கப்பட்டவையாகவே நீடித்தன. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை 315 ரைபிள்களைச் செய்தது. தமிழ்நாட்டில் லைசென்ஸ் ரைபிள் என்றால் ரொம்பப் பேருக்கு 315 போர்தான். எந்த வேட்டைக்காரனும் மிருகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண் அல்ல அது.

"எங்கப்பா வெச்சிருந்ததும் 315 தான்" என்றார் பெரியவர். மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது வாக்கியம் வெறும் கணக்கு. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வராது. இன்டர்மீடியட்டோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இதை என்னாலேயே போட முடிந்தது. குழலை விட்டுக் கிளம்பிய குண்டு, கையிலிருந்து நழுவிய மாங்காய் விழுவதைப் போலவே விழுந்துகொண்டே போகிறது. பறக்கிற நேரத்தை விநாடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பதினாறால் பெருக்கினால் எத்தனை அடி விழுந்தது என்று வந்துவிடும். கருமருந்துக் காலத்து மார்ட்டினிக் குண்டு முந்நூறு கஜம் போக ஏறக்குறைய முக்கால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் பத்தடி விழுந்திருக்கும். 275 ரிக்பியின் குண்டு அதே தூரத்தை அரை விநாடிக்கும் குறைவாகக் கடந்து, இரண்டேகால் அடிதான் விழும். சிறு குழலின் மகிமை முழுக்க இந்த எட்டடி வித்தியாசத்தில் இருக்கிறது. அதன் குண்டு ஒரு பவுனுக்குச் சற்று மேல். 450-இன் குண்டோ ஏறக்குறைய நாலு பவுன்.

சரி, எண்ணூறு கஜம்? 275-க்கே சுமார் ஒன்றேகால் விநாடி. இருபத்தைந்து அடி வீழ்ச்சி. என் துரையின் 450 நாற்பது அடிக்கு மேல் விழுந்திருக்கும். அதாவது அவன் ஆட்டுக்கு மேலே ஒரு தென்னை மர உயரத்தில் ஆகாயத்தைக் குறி பார்த்திருக்க வேண்டும். அது இரட்டைக் குழல் துப்பாக்கி வேறு. இரண்டு குழல்களையும் ஐம்பது, நூறு கஜத்தில் ஒரே இடத்தில் குண்டு விழும்படி இணைத்துப் பற்றவைப்பார்கள். புதருக்குள்ளிருந்து பாய்கிற மிருகத்தை நிறுத்துவதற்குப் பிறந்த ஆயுதம். அதைக் கொண்டு எதிர்மலையைச் சுடச் சொல்வது, உலக்கையால் பூத்தொடுக்கச் சொல்வது மாதிரி.

நல்ல ரைபிளாக இருந்தாலும் தூரத்தை அனுமானிப்பதில் தவறு வரும். இருநூறு கஜத்தில் ஐம்பது கஜம் தப்பாக மதித்தால் குண்டு மூன்று அங்குலம் இடம் மாறும். ஒரு சாண் அகல நெஞ்சில் அது பொறுக்கும். அறுநூறு கஜத்தில் அதே ஐம்பது கஜம் தப்பினால் ஒன்றரை அடி. நெஞ்சுக்குப் போக வேண்டியது காலுக்கோ குடலுக்கோ போகும். மலையில் இன்னொரு சங்கடம். செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சுடும்போது, குண்டு விழுவது தரைமட்டத் தூரத்துக்குத்தான். நாற்பத்தைந்து டிகிரிச் சரிவில் கண்ணுக்கு முந்நூறு கஜம் என்று தெரிவது, குண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டுதான். பழக்கமில்லாதவன் குண்டு தலைக்கு மேலே போய்விடும். இதையெல்லாம் தாண்டி, ஒன்றேகால் விநாடி என்பது ஆடு இரண்டு அடி எடுத்து வைக்கப் போதுமான நேரம். எந்த எண்ணுள்ள குழலும் அதற்குப் பரிகாரம் செய்ய முடியாது.

புகழ்பெற்ற வேட்டைக்காரர்களைப் பார்த்தால் அவர்கள் தூரத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் அவருக்கு 275 ரிக்பி ஒன்றைப் பரிசளித்தார். ஆனால் அந்தப் புலியின் மேல் கடைசி வெடி எதிலிருந்து போயிற்று தெரியுமா? கார்பெட்டின் ரைபிளில் தோட்டா தீர்ந்துபோய், கூட வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியைப் பிடுங்கி, சில அடி தூரத்தில் நின்று சுட்டார். நம் பக்கத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது 405 வின்செஸ்டர். அதன் குண்டு வானவில் போல வளைந்து போகும். நூறு, நூற்றைம்பது கஜத்துக்கு மேல் அதற்கு மதிப்பில்லை. அவருக்கு அது ஆயுசு முழுவதும் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்கு முன் வரையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்றார்கள். ஐபெக்ஸும் அல்ல, 2005-இல் விஞ்ஞானிகள் அதைத் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள், செம்மறியாட்டுக்குத்தான் நெருங்கிய உறவாம். நம் பாட்டன்மார் வரையில் வாழ்கிற ஆடு என்று பார்த்ததை அப்படியே பேராக வைத்தார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் தவிர வேறெங்கும் கிடையாது. அதற்குக் கொம்பும் பெரிய பலமில்லை. காட்டில் ஒளியவும் தெரியாது. புல்வெளியில் மேயும், ஆபத்து என்றால் செங்குத்துப் பாறையில் இறங்கி நிற்கும். சிறுத்தையும் செந்நாயும் அங்கே போக முடியாது. அதன் கண் எப்போதும் கீழ்நோக்கியே காவல் இருக்கும். எதிரி கீழேயிருந்து வருவான் என்பது அதன் பரம்பரை ஞானம். சுருங்கச் சொன்னால், தூரந்தான் அதன் கோட்டை.

அந்தக் கோட்டையை ரைபிள் இடித்தது. முதலில் வந்தவர்கள் பாடுபட்டார்கள். கர்னல் டக்ளஸ் ஹாமில்டன் நீலகிரியில் வேட்டையாடிய காலத்து நினைவுகள் 1892-இல் புத்தகமாக வந்திருக்கிறது. கருமருந்துத் துப்பாக்கியோடு மேலேறிச் சுற்றி வந்து, மேலிருந்து ஊர்ந்து இறங்கிச் சுட்ட தலைமுறை அது. முதுகில் வெள்ளி படர்ந்த கிழக் கிடா அவர்களுடைய லட்சியம். 'சேணமுதுகன்' என்று இங்கிலீஷில் அதற்குப் பேர். ஆனாலும் துப்பாக்கிகள் பெருகின, மிருகங்கள் குறைந்தன. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றி, 1879-இல் சட்டமும் வந்தது. காப்பாற்றியது வேட்டைக்காரர்களே என்று சிலர் இன்றும் சொல்வார்கள். தீ வைத்தவன் வாளித் தண்ணீரும் கொண்டுவந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

குன்றில் வெயில் சாய்ந்த பிறகு பெரியவர் தாமாகவே சொன்னார்.

"அறுபத்து நாலுல, எனக்கு இருபத்திரண்டு வயசு. அப்பா துப்பாக்கிய எடுத்துக்கிட்டு அதோ அந்த மலைக்குப் போனேன். கூட ஒரு பளியர், அப்பாவுக்குப் பழக்கமானவர். மூணாவது நாள் ஒரு கிடாயப் பார்த்தோம். நானூறு கஜம் இருக்கும். 'சுத்தி மேல போவோம் சாமி, மூணு மணி நேரந்தான்'னார் அவர். எனக்குப் பொறுமையில்ல. இருநூறுன்னு மனசுல நினைச்சுக்கிட்டுச் சுட்டேன்."

315-இன் கனமான குண்டு நானூறு கஜத்தில் ஏழடிக்கு மேல் விழும் என்று இப்போது என்னால் கணக்குப் போட முடிகிறது. அப்போது அவர் போடவில்லை.

"பின்னங்கால்ல பட்டிருச்சு. பாறை விளிம்புக்கு அப்பால இறங்கிருச்சு. இருட்டுற வரைக்கும் தேடினோம். மறுநாள் காலைல பார்த்தா, எதிர்ப் பாறைல ஒரு திட்டுல நிக்குது. மூணு கால்ல. நடுவுல கிடுகிடு பள்ளம். போக வழியில்ல. துப்பாக்கி எட்டாது. எண்ணூறு கஜம் இருக்கும் தம்பி. அது எங்களையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தோம். பளியர் ஒரு வார்த்தை பேசல."

"பிறகு?"

"மேகம் மூடிருச்சு. இறங்கி வந்துட்டோம்."

துப்பாக்கியை அப்பாவிடமே கொடுத்துவிட்டாராம். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்தபோது அவருக்கு அதனால் ஒரு மாறுதலும் இல்லை. எதிரே தெரிந்த மலை 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆயிற்று. வேட்டையை விட்டுவிட்டு மிருகங்களுக்காக உழைத்த ஈ.ஆர்.சி. டேவிதார் 1975-இல் வரையாடுகளைக் கணக்கெடுத்து ஆராய்ந்தார். அவர் பிறந்த அக்டோபர் 7-ஐத்தான் இப்போது தமிழ்நாட்டில் வரையாடு தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மலைகளில் 1,031 ஆடுகள், 2025-இல் 1,303. பெரியவர் இந்த எண்களைத் தேதியோடு சொன்னார். துப்பாக்கி எண்களைச் சொன்னபோது இல்லாத ஒரு நடுக்கம் குரலில் இருந்தது.

இன்று அயல்நாடுகளில் தூரத்தை அளக்க லேசர் இருக்கிறது. காற்றையும் சரிவையும் கணக்கிட்டுச் சொல்ல கையடக்க யந்திரம் இருக்கிறது. ஆயிரம் கஜத்துக்கென்றே தோட்டாக்கள் இருக்கின்றன. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆரம்பித்த பூன் அண்ட் கிராக்கெட் என்ற அமெரிக்க வேட்டைச் சங்கமோ, மிருகத்தின் கண், காது, மூக்கு எட்டாத தூரத்தில் நின்று சுடுவதை முறையான வேட்டையென்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "பளியருக்கு அது அப்பவே தெரிஞ்சிருந்தது" என்றார்.

என் நாவலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது திருத்தினேன். 450-ஐ அடித்துவிட்டு 275 என்று போட்டேன். எண்ணூறு கஜத்தை நூற்றிருபது ஆக்கினேன். அதற்காக என் துரை விடியற்காலை இருட்டில் மலை மேலே ஏறி, மூன்று பக்கம் வயிற்றால் ஊர்ந்து இறங்க வேண்டியதாயிற்று. பிரதி ஒன்றைப் பெரியவருக்கு அனுப்பிவைத்தேன். பத்து நாளில் கார்டு வந்தது.

"படித்தேன். தூரம் சரி. துப்பாக்கி சரி. ஆனால் விடியற்காலையில் மலைக்காற்று மேலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறின பிறகுதான் கீழிருந்து மேலே வரும். உங்கள் துரையின் வாடை அவனுக்கு முன்னாலேயே ஆட்டிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆடு தப்பித்துவிட்டது என்று நான் வைத்துக்கொள்கிறேன்."